முகத்தால் தடுத்த பந்து

டவுசன், மேரிலாந்து
மே 19, திங்கள்

அன்புள்ள ரீட்,

இங்கே நானும் உன் அம்மாவும் நலம். நீ நலமாக இருப்பதாக உன் கல்லூரியின் இணையப் பக்கம் பெரிய எழுத்தில் அறிவிக்கிறது. அணி மருத்துவரின் கணினியும் அதையே சொல்கிறதாம். இத்தனை சாட்சிகள் இருக்கும்போது உன்னையே கேட்பது மரியாதையாக இராது. ஆகவே நலம் விசாரிப்பதை விட்டுவிட்டு, உன்மீது எனக்குள்ள குறைகளைத் தேதிவாரியாகத் தருகிறேன்.

1. ஆகஸ்ட் 28. ஆட்டப் பருவம் தொடங்குமுன் அணி மருத்துவர் வைத்த ஞாபகச் சோதனையில் வேண்டுமென்றே தப்பும் தவறுமாகப் பதில் சொன்னது.

2. ஏப்ரல் 12. பயிற்சியில் தலையில் பந்து பட்டு, அந்த மாதம் முழுக்கத் தலைவலியோடு இருந்துகொண்டு, எங்களிடம் மகரந்த ஒவ்வாமை என்று சொன்னது.

3. மே 17, சனிக்கிழமை. காலிறுதி ஆட்டத்தில் மறுபடி தலையில் அடிபட்டபின் மருத்துவரிடம் ஒன்றுமில்லை என்றது.

4. அதே நாள், ஆட்டம் முடிந்தபின் வேலியோரத்தில் உன் அம்மாவிடம் நீ கேட்ட ஒரு கேள்வி. இது குற்றமில்லை. ஆனாலும் இந்தப் பட்டியல் எழுதப்பட்டதே இதனால்தான்.

சனிக்கிழமை ஆட்டத்தில் எவ்வளவு உனக்கு நினைவிருக்கிறது என்று எனக்குத் தெரியாது, அதனால் நான் பார்த்ததை எழுதுகிறேன். மூன்றாவது கால் பகுதியில் எதிரணிப் பையன் கிட்டத்தில் வந்து தன் வலை மட்டையால் வீசிய பந்துக்கு, கோல் காத்து நின்ற உன் மட்டை போய்ச் சேரவில்லை, உன் முகம் போய்ச் சேர்ந்தது. முகக் கவசத்தின் இரும்புக் கம்பி வலையில் பட்டு அது எழுப்பிய சத்தம் எங்கள் வரிசைவரை கேட்டது. விதிப்படி அது கோல் தடுப்பு. பலகையில் உன் கணக்கில் ஒன்று கூடியது. அரங்கமே எழுந்து நின்றது. எனக்குப் பின்னாலிருந்த ஒருவர், "மூஞ்சியாலயே புடிச்சிட்டான்டா! இவன் மனுஷனா, செவுரா!" என்று கத்தினார். செவுரு அப்போது கோல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றது. பிடியை விட்டபின் தன் அணி உட்கார்ந்திருக்கும் பக்கத்துக்கு நேர் எதிர்ப் பக்கமாக நடந்தது. மருத்துவர் வந்தார், சில சொற்களைத் திருப்பிச் சொல்லச் சொன்னார், மாதங்களைப் பின்னிருந்து சொல்லச் சொன்னார், நீ ஆகஸ்டில் சொன்ன பதில்களோடு ஒப்பிட்டார். நீயே பிறகு சொன்னபடி, ஆகஸ்டைவிட ஓரிரு சொல் கூடுதலாகவே சொல்லியிருக்கிறாய். நெடுஞ்சாலைக் காரின் வேகத்தில் வந்த பந்து தலையில் பட்டு ஒருவனுக்கு அறிவு கூடியிருக்கிறது. மருத்துவ உலகம் இதைக் கவனிக்க வேண்டும். அவர் உன்னை மறுபடி உள்ளே அனுப்பினார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை, அளவுகோலை அவர் கையில் கொடுத்தவன் நீ. ஒரு கோல் வித்தியாசத்தில் ஜெயித்தீர்கள். வாழ்த்துகள்.

இந்த அற்புதத்துக்கு விளக்கம் எனக்கு வாகன நிறுத்தத்தில் கிடைத்தது. உன்னோடு ஆடும் கோடியின் அப்பா டக் பிரானிகன் வழக்கம்போலத் தன் வண்டியின் பின்கதவை இறக்கிப் போட்டு, கரியில் சுட்ட மாட்டிறைச்சியை வெட்டி எல்லாருக்கும் ரொட்டியில் வைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "யோவ் கான்ராட், ஏன்யா இழவு வீட்டுக்கு வந்தவன் மாதிரி நிக்கிற? செமிஃபைனல் போறோம்யா!" என்றார். பையனின் தலையை நினைத்துக் கவலையாக இருக்கிறது என்றேன். "அட, அதுக்கு உன் புள்ள ஆகஸ்ட்டுலயே வழி பண்ணி வெச்சிட்டான்யா. அந்தக் கம்ப்யூட்டர் டெஸ்ட்ல கொஞ்சம் மக்கு மாதிரி பதில் சொல்லிட்டா போதும். அப்புறம் அடிபட்டு நெஜமாவே மக்கானாலும் மார்க்கு ஒண்ணாத்தான் வரும்! எல்லாப் பசங்களும் பண்றதுதான். ரொம்ப மக்கா சொன்னா மெஷின் கண்டுபுடிச்சிடும், அளவா சொல்லணும்னு புதுப் பசங்களுக்கு கிளாஸ் எடுத்ததே உன் ரீட்டுதானாம், கோடி சொன்னான். கேப்டன்னா சும்மாவா!" என்று சொல்லி, எனக்காக அவரே பெருமைப்பட்டு, என் ரொட்டியில் இன்னொரு துண்டு வைத்தார். கோடியும் அப்படித்தான் செய்தானா என்று கேட்டேன். இறைச்சி வெட்டிய கத்தி நின்றது. "அவன் டிஃபென்ஸ்யா, அவனுக்கு என்ன ஆகப்போகுது," என்றார்.

என் தொழில் உனக்குத் தெரியும். பாலங்களுக்கு அடியில் போய் விரிசல்களை அளக்கிறேன். பாலம் திறந்த வருடம் எடுத்த அளவு கையில் இருந்தால்தான் இன்றைய விரிசல் பழையதா புதியதா என்று சொல்ல முடியும். அந்த முதல் அளவையே ஒருவன் பொய்யாக எழுதிவைத்தால், பிறகு வருகிற எந்தப் பொறியாளரும் நேர்மையாகவே தவறான முடிவுக்கு வருவார், மேலே பள்ளிக்கூட வண்டிகள் போய்க்கொண்டிருக்கும். அப்படி எழுதியவனைப் பற்றி என் அலுவலகத்தில் என்ன பேசிக்கொள்வோம் என்பதை இந்தக் கடிதத்தில் எழுத முடியாது.

இனி நான்காவது. நீ குளித்துவிட்டு ஈரத் தலையோடு வேலியோரம் வந்தாய், உன் அம்மாவைக் கட்டிக்கொண்டாய், "அம்மா, ஓட்டிஸை யாருகிட்ட விட்டுட்டு வந்தீங்க, பக்கத்து வீட்டுலயா?" என்று கேட்டாய். ரீட், நம் நாய் ஓட்டிஸ் பிப்ரவரியில் செத்துப்போனது. நீ தேர்வை விட்டுவிட்டு கொலராடோவிலிருந்து விமானம் ஏறி வந்தாய். நிலம் பனியில் இறுகிக் கிடந்தது, என்னைக் கடப்பாரையைத் தொடவிடாமல் நீயே குழி தோண்டினாய், உள்ளங்கை கிழிந்தது. இடத்தையும் நீதான் தேர்ந்தெடுத்தாய். உன் நண்பர்கள் சுற்றி நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள், உன் அம்மா, "ஆமாண்டா கண்ணா, பக்கத்து வீட்டுலதான்," என்றாள். வீடு வந்ததும் நேராக ஓட்டிஸ் இருக்கும் இடத்துக்குப் போய் நின்றாள். இந்தக் கடிதத்தை அவள் எழுதாததற்குக் காரணம் சொன்னாள்: "நான் பேசினா அழுதுடுவேன். அம்மா அழுதா சமாதானம் பண்றதுல அவன் கெட்டிக்காரன். நீங்க எழுதுங்க. உங்களுக்கு அவன் பயப்படாட்டியும் பதிலாவது சொல்லுவான்."

நேற்று தொலைபேசியில் நீ சொன்னதை அப்படியே நினைவு வைத்திருக்கிறேன், என் ஞாபகத்துக்கு ஆகஸ்டில் ஊறு எதுவும் நேரவில்லை. "ரெண்டே ஆட்டம்பா. நாலு வருஷம் இதுக்காகத்தான் ஓடினேன். திங்கக்கிழமை ஃபைனல் முடியட்டும், நீங்க சொல்ற டாக்டர்கிட்டல்லாம் வரேன். நான் உக்காந்தா ஆன்செல்தான் நிக்கணும், முதல் வருஷப் பையன், கிழிச்சுத் தொங்கவிட்டுடுவாங்க." நாய் விஷயத்தைக் கேட்டதும், "சும்மா வாய் தவறி வந்துடுச்சுப்பா, டீம் மீட்டிங் இருக்கு," என்று வைத்துவிட்டாய். அந்த நான்கு வருட ஓட்டத்தை நான் அறியாதவனல்ல. கோப்பையை நீ தூக்கினால் என்னைவிடச் சத்தமாகக் கத்த ஆளிருக்காது. ஆனால் தூக்கியது பிற்பாடு உனக்கு நினைவிருக்க வேண்டும் என்பது என் சிறிய ஆசை. ஆன்செலைப் பற்றிய உன் அக்கறையும் என்னை நெகிழ வைக்கிறது. அளவாக மக்காவது எப்படி என்று அவனுக்கும் நீதானே சொல்லிக் கொடுத்தாய்? அவனுக்கு அடிபட்டாலும் கணினி அவனையும் வாழ்த்தி அனுப்பும்.

இன்று காலை உன் கல்லூரியில் அணி மருத்துவரின் அலுவலகத்தைக் கூப்பிட்டேன். வயது வந்த மாணவரின் உடல்நிலை பற்றிப் பெற்றோரிடம் எதுவும் பேச இயலாது என்று ஒரு பெண் மிகுந்த பணிவோடு சொன்னார். நான் அவரிடம் எதையாவது சொல்லத் தடை உண்டா என்று கேட்டேன். சற்று யோசித்துவிட்டு, "அதுக்கு ஒண்ணும் தடை இல்ல சார்," என்றார். நன்றி சொல்லி வைத்துவிட்டேன். இன்னும் எதுவும் சொல்லவில்லை. அதை நீ சொல்வதற்கும் நான் சொல்வதற்கும் வித்தியாசம் உண்டு என்று நினைக்கிறேன், அந்த வித்தியாசத்துக்காக உனக்குச் சில நாள் தருகிறேன். அதுவரை பயிற்சியில் வலைக்கு முன்னால் நிற்காதே. காரணம் வேண்டுமானால் ஒவ்வாமை என்று சொல், உனக்குப் பழக்கமானதுதான்.

வீட்டில் வேறு விசேஷம் அதிகமில்லை. உன் அக்கா ப்ரிஜட் சனிக்கிழமை குழந்தையோடு வருகிறாள், குழந்தைக்கு உன் எண் போட்ட சட்டை வாங்கியிருக்கிறாள், அது முழங்கால்வரை தொங்குகிறது. மாமா திங்கட்கிழமைக்கு ஒரு கூடை நண்டு சொல்லிவைத்திருக்கிறார். நீங்கள் தோற்றாலும் நண்டு வேகும் என்கிறார். நானும் அம்மாவும் அரை இறுதிக்கு வருவோம், கோலுக்குப் பின்னால்தான் உட்காருவோம், அங்கே யார் நின்றாலும் கைதட்டுவோம். நீ அணியோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தால் அங்கேயும் ஒரு கண் இருக்கும். வெளிச்சத்தைப் பார்த்தால் தலை வலிக்கிறதென்றால் அறையில் திரையை இழுத்துவிட்டுப் படு, கைபேசியைப் பார்த்துக்கொண்டு கிடக்காதே. அம்மா ஓட்ஸ் பிஸ்கட் அனுப்பியிருக்கிறாள், எல்லாவற்றையும் கோடியிடம் கொடுத்துவிடாதே. உன் மண்டைக்குள் இருக்கும் அத்தனையும் பழுதில்லாமல் நெடுங்காலம் உன்னோடு இருக்க வேண்டும் என்பதே எங்கள் இருவரின் ஆசீர்வாதம்.

அணி கிளம்புவதற்கு முன், மே 22 வியாழக்கிழமை, உங்கள் கொலராடோ நேரம் நண்பகலுக்குள், உன் கையெழுத்தில் எனக்குப் பதில் வர வேண்டும். படமெடுத்து அனுப்பினால் போதும். ஆகஸ்டில் செய்ததையும் சனிக்கிழமை நடந்ததையும் மருத்துவரிடம் நீயே சொல்லிவிட்டாய் என்று அதில் இருக்க வேண்டும். அதன் கீழே, அக்காவையோ அம்மாவையோ கேட்காமல், ஓட்டிஸை எங்கே புதைத்தாய் என்று ஒரு வரி எழுது. நண்பகல் தாண்டினால் மருத்துவரிடம் சொல்ல நான் தொலைபேசியை எடுப்பேன். அந்த வரி தவறாக இருந்தாலும் எடுப்பேன்.

உன் அப்பா,
கான்ராட் ஹெல்மிக்