உள்ளே விட்ட துணி

2006 பெப்ரவரி, செவ்வாய் இரவு

மச்சாளின் கலியாணத்துக்கு உடுக்கப்போகும் பட்டுச் சேலையின் பிளவுஸ் இன்று தையல் வகுப்பில் பாழாய்ப் போனது. பழைய பிளவுஸின் அளவில்தான் தைத்திருந்தேன். இறுக்கினால் பிரித்து விடலாம் என்று, நம்மவர்கள் வழக்கம்போல, பக்கத் தையலுக்குள் இரண்டு விரல் அகலத்துக்குத் துணி விட்டிருந்தேன். இன்னும் பொருத்தாத கைத் துண்டுகளை நான் அயர்ன் பண்ணப் போன நேரத்தில் எங்கள் நோர்வேஜிய ஆசிரியை அதைக் கண்டிருக்கிறா. வெட்ட மறந்துவிட்டேன் என்று நினைத்து, நான் திரும்பி வருவதற்குள் ஒரு பக்கத்தைத் தையலோரமாக அழகாக வெட்டி எறிந்துவிட்டா; மற்றப் பக்கத்தை என் கண் முன்னாலேயே வெட்டினா.

"இப்போது எவ்வளவு சுத்தமாக இருக்கிறது, பாருங்கள்" என்று சிரித்தா. நானும் "தக்" என்று நன்றி சொல்லிவிட்டு வந்தேன். எனக்கு நல்லாய் வேண்டும்!

வீட்டில் போட்டுப் பார்த்தேன். கொக்கி எட்டவில்லை.

"விடுமப்பா, கடையிலை வேறை வாங்குவம்" என்றார் இவர்.

"தேவையில்லை. நானே சரிபண்ணுறன்."

சேலையில் இடுப்புக்குள் செருகும் ஓரம் யார் கண்ணிலும் படாது. அதில் ஒரு பட்டி எடுத்து இரண்டு கக்கத்திலும் வைத்துத் தைக்கலாம். பட்டில் கத்தரிக்கோலை வைத்ததும் இவர் கண்ணை மூடிக்கொண்டார். நான் நேராக வெட்டினேன். அகலமாகவே வெட்டினேன், உள்ளே விடவும் துணி வேண்டுமே.

அடுத்த வகுப்பில் ஆசிரியை கத்தரிக்கோலோடு கிட்ட வந்தால் "நெய்" என்பேன். வேண்டாம் என்று சொல்ல அவர்கள் மொழியில் அந்த ஒரு சொல் போதும். இன்றைக்கும் அது எனக்குத் தெரிந்துதான் இருந்தது.