சுதந்திர தினத்துப் பாற்சோறு

ராத்தா,

இன்று காலை சந்தியில் கொடி ஏற்றுவதற்கு முன்பே, தேங்காய்ப்பால் கொதிக்கிற வாசம் என் தையல் கடைக்குள் வந்துவிட்டது. சுதந்திர தினத்துக்கு ஊர்ச் சங்கம் இந்த வருடமும் பாற்சோறு போடுகிறது. மெஷினை நிறுத்திவிட்டு, யார் கிண்டுகிறார்கள், யார் வீட்டுச் சட்டி என்று எட்டிப் பார்த்தேன். நீங்கள் மௌத்தாகி மண்ணுக்குள் போய் இரண்டு வருடமாகிறது. என் புத்தி மட்டும் மாறவில்லை.

எதையும் முகர்ந்து பார்த்துத்தான் வாயில் வைப்பேன் என்பது உங்களுக்குத் தெரியும். "தங்கச்சி, ஒங்களுக்கு ஒங்கட நெழல் மேலயும் சந்தேகம்" என்று சிரிப்பீர்கள். ஆனாலும் மாட்டிறைச்சி படாத சட்டி ஒன்றை எனக்கென்றே உங்கள் குசினியில் வைத்திருந்தீர்கள். பக்கத்துப் பக்கத்துக் கடையில் நாம் இருந்த காலமெல்லாம் பெருநாளுக்கு அந்தச் சட்டிச் சோறுதான் எனக்கு வரும். ஒரு கேள்வி கேட்காமல் சாப்பிட்டிருக்கிறேன்.

பிறகு கலவரம் வந்து, நம் திகனயில் முஸ்லிம் கடைகளுக்குத் தீ வைத்தார்கள். உங்கள் புடவைக் கடையும் போயிற்று. என் சுவரில் கரி மட்டும் படிந்தது. அடுத்து வந்த சுதந்திர தினத்துக்கு வீட்டுக்கொரு தட்டம் பாற்சோறு கிண்டி, துண்டு போட்டுக் கொண்டுவரச் சொன்னது சங்கம். ஒற்றுமையாம். கொடியோடு சிரித்து நின்றவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தேன். இதில் கல் எடுத்தது யார், கதவைச் சாத்திக்கொண்டு வேடிக்கை பார்த்தது யார்? ஒருவரையும் நான் நம்பவில்லை. ஆனால் முஸ்லிம் வீட்டுச் சாப்பாட்டில் ஏதோ கலக்கிறார்கள், தின்ற பெண்களுக்குப் பிள்ளை தங்காது என்று ஊரில் கட்டிவிட்ட பொய்யை மட்டும் காதில் போட்டுவைத்திருந்தேன். என் மகளுக்குக் கலியாணமாகி மூன்று வருடம், வயிற்றில் ஒன்றும் தங்கியிருக்கவில்லை.

நீங்கள் தட்டத்தோடு நேரே எங்களிடம்தான் வந்தீர்கள்.

"சுடச்சுட ஈக்கி. புள்ள மொதல்ல எடுக்கட்டும்."

மகள் கை நீட்டினாள். நான் அந்தக் கையைப் பிடித்து இழுத்தேன்.

"இன்னைக்கு எங்களுக்கு வெரதம், ராத்தா."

அன்று திங்கட்கிழமை. நான் வெள்ளிக்கிழமை மட்டும்தான் விரதம் என்பது உங்களுக்குத் தெரியாததா? பக்கத்தில் நின்ற பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். "ஓ, வெரதந்தானே! நான்தான் மறந்திட்டேன்" என்று அவர்களுக்குக் கேட்கும்படி சத்தமாகச் சொன்னீர்கள். நீங்களே ஒரு துண்டை எடுத்துத் தின்றுகொண்டு தட்டத்தை அவர்கள் பக்கம் நீட்டினீர்கள். யாரும் எடுக்கவில்லை.

அந்த வருடக் கடைசியில் பேரன் பிறந்தான். ஆஸ்பத்திரிக்கு முதலில் ஓடி வந்தது நீங்கள். உங்கள் முகத்தில் கோபம் தேடினேன். இல்லை. அதையும் சந்தேகப்பட்டேன்.

அடுத்த சுதந்திர தினத்துக்குப் பாற்சோறு கொண்டுவரவில்லை நீங்கள். கடையில் வாங்கிய பிஸ்கட் பெட்டியோடு வந்து, ஒட்டியிருந்த தாளை என் கண்முன்னே கிழித்து, "எடுங்க தங்கச்சி" என்றீர்கள். இரண்டு எடுத்தேன். அதற்குப் பிறகு பெருநாளுக்கும் பிஸ்கட் பெட்டிதான் வந்தது.

ஏன் என்று ஒருநாளும் நீங்கள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பேரன் தலையில் கை வைத்துச் சத்தியம் பண்ணி மறுத்திருப்பேன். அதுவும் தெரிந்துதான் கேட்காமல் இருந்தீர்கள் என்று நினைக்கும்போது எனக்கு இன்றைக்கும் வெட்கத்தில் உடம்பு கூசுகிறது, ராத்தா.