ஆடாமல் இருக்க ஓர் ஆட்டக்காரன்

மார்கழி, வியாழன் இரவு

போர்வெல் வண்டி வைத்திருக்கும் எங்கள் கபடி அணி முதலாளி இன்று கதிர்வேலுக்கு மாலை போட்டார். போன பொங்கலுக்கு எருமப்பட்டி அணிக்கு ஆடி எங்களைத் தோற்கடித்தவன். பணத்தை அள்ளிக் கொடுத்து இழுத்திருக்கிறார்.

இவனை எந்த இடத்தில் இறக்கலாம் என்று முதலாளியிடம் தனியாகக் கேட்டேன்.

"எறக்கோணும்னு இல்லீங்க கோச். நம்ம பசங்களே ஆடட்டும். இவன் அவங்களுக்கு ஆடாம இருந்தாப் போதுமுங்க."

வெளியே வந்தால், கதிர்வேல் கழுத்தில் மாலையோடு குனிந்து, எங்கள் மைதானத்துக் கோட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டிருக்கிறான்.

"நாளைக்கு எத்தன மணிக்குங்க பிராக்டீஸ்?"

காலை ஐந்து மணிக்கு வரச் சொல்லிவிட்டேன். தூ, நானும் ஒரு கோச்.