சனிக்கிழமைக்கு எடுத்து வைத்த சண்டை

சின்னவனுக்கு அம்மா எழுதுவது.

இங்கு நானும் அப்பாவும் சௌக்கியம். அங்கு நீங்கள் இருவரும் அப்படியே இருக்க வேண்டுமென்பது என் விருப்பம். மாடிப்படி ஏறக் கூடாதென்று மருத்துவர் சொன்ன நாளிலிருந்து அப்பாவுக்கு எல்லா வேலையும் மாடியில்தான் இருக்கிறது. உன் அக்கா வாரந்தோறும் வந்து என் சமையலறையைத் தன் இஷ்டப்படி அடுக்கிவிட்டுப் போகிறாள். அதைத் திரும்ப என் இஷ்டப்படி அடுக்குவதில் எனக்குப் பொழுது போகிறது. நீ வாங்கிக் கொடுத்த மழைக்கோட்டு கச்சிதமாக இருக்கிறது, மழைதான் இன்னும் வரவில்லை.

போன வாரம் அலுவலகப் படிக்கட்டில் நின்றபடி நீ போனில் கேட்டதற்குப் பதில் இது. போனிலேயே சொல்லியிருப்பேன், ஆனால் நான் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் ‘சரிம்மா, சரிம்மா’ என்று அதற்கு மூடி போட்டுவிடுவாய். கண்ணாடிக் கடையில் பார்வை சோதிக்கும் உன் மனைவிக்கு வேறோர் ஊரில் திறக்கும் கிளையை நடத்தும் பொறுப்பு வந்திருக்கிறது; ஏற்றுக்கொண்டால் வாரநாள் முழுதும் அங்கே தங்கி, வெள்ளிக்கிழமை இரவு ரயிலேறி வீடு திரும்புவாள். ‘நீ சொன்னா தட்ட மாட்டாம்மா, போக வேணான்னு ஒரு வார்த்தை சொல்லிடு, நான் சொல்லச் சொன்னேன்னு மட்டும் தெரிய வேணாம்’ என்றாய். யோசித்தேன். யோசிக்க யோசிக்க, கோடையில் அங்கு வந்திருந்தபோது கண்டதுதான் நினைவுக்கு வந்தது.

முதல் வாரம் உங்கள் வீட்டின் அமைதி எனக்குச் சந்தேகத்தையே தந்தது. ஒரே குளியலறை, ஒரே இஸ்திரிப் பெட்டி, இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் வேலைக்கு ஓட்டம். இருந்தும் ஒரு முணுமுணுப்பு இல்லை. நீ ஈரத் துண்டைக் கட்டில்மேல் போட்டாய், அவள் பார்த்தாள், உதட்டைக் கடித்தாள், ‘சனிக்கிழமை’ என்று மட்டும் சொன்னாள். நீயும் ‘சரி, சனிக்கிழமை’ என்றாய். அன்றுதான் துணி துவைப்பார்கள் போலும் என்று நினைத்துக்கொண்டேன். சனிக்கிழமை ஃபிளாஸ்க்கில் தேநீர், அவித்த முட்டை, குடை எல்லாம் எடுத்துக்கொண்டு என்னையும் கூட்டிக்கொண்டு கிளம்பினீர்கள். தெருமுனை ரொட்டிக் கடை வரை ஊர் மெச்சும் தம்பதி. அதைத் தாண்டியதும் அவள் திரும்பி, ‘ம், ஆரம்பிக்கலாமா? நீ என்ன ஓட்டல்லயா தங்கியிருக்கே, துண்டைக் கண்ட இடத்துல போட?’ என்றாள். ‘ஓட்டல்னா அவங்களே எடுத்து மடிச்சு வெச்சிருப்பாங்க’ என்றாய் நீ. கீழ்வீட்டு இசை ஆசிரியர் சற்றே குரல் எழுந்தாலும் துடைப்பக் கட்டையால் உத்தரத்தைத் தட்டுவார் என்பதால், வாரத்துச் சண்டையை எல்லாம் எடுத்து வைத்து வெளியே கொண்டுபோய்த் தீர்ப்பது உங்கள் வழக்கம் என்று அப்போதுதான் விளங்கிற்று. பாலம் வரை குரல் ஏறிக்கொண்டே போயிற்று. பூங்காவின் மேட்டில் இருவருக்கும் மூச்சு வாங்கவே வாதம் தானாகச் சுருங்கிற்று. குளக்கரைப் பெஞ்சில் உட்கார்ந்தபோது, ‘ஒரு கொக்கி மாட்டிடு, விஷயம் முடிஞ்சுது’ என்றாள், மறுநாளே மாட்டினாய். நாயோடு எதிரே வந்த ஓர் அம்மாள், நம் மொழி தெரியாதவள், என்ன அன்யோன்யம், வழியெல்லாம் பேசி மாளவில்லையே என்று என்னிடம் ஆங்கிலத்தில் வியந்தாள். நானும் தலையாட்டினேன். யோசித்துப் பார்த்தால், நான் பொய் சொல்லவில்லை.

விடைத்தாள் திருத்தியே கண் மங்கிய எனக்கு முழு மதிப்பெண் போடக் கை எளிதில் வராது. உங்கள் இருவருக்கும் அன்றைக்குப் போட்டேன். உன் அப்பா கோபம் வந்தால் செய்தித்தாளுக்குள் போய்விடுவார், அவர் வெளியே வருவதற்குள் செய்தியே பழசாகிவிடும். உங்களுக்கு இதைக் கற்றுக்கொடுத்தவர் யாருமில்லை, நீங்களாகவே கண்டுபிடித்தீர்கள். இப்போது நீ செய்திருப்பதைப் பார். சனிக்கிழமைக்கு உரிய சண்டையை, அவளுக்குத் தெரியாமல், வாரநாளில், படிக்கட்டில் நின்று என்னிடம் கொடுத்துத் தீர்க்கச் சொல்கிறாய். அவள் அந்த ஊருக்குப் போனால் உனக்கு வாரநாட்கள் மட்டும்தான் போகும். நீ இப்படிச் செய்தால் சனிக்கிழமையும் போய்விடும். அவள் போகலாமா கூடாதா என்பதில் எனக்குக் கருத்து உண்டு, சொல்ல மாட்டேன். அந்த நடையில் நான் பத்தடி பின்னால் வந்தவள். ஒன்றை மட்டும் சொல்கிறேன். அவள் கடையில் என் பார்வையைச் சோதித்தபோது, தெரியாத எழுத்தை ஊகித்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். ‘அத்தே, இது பரீட்சை இல்ல, தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லுங்க’ என்றாள். வேறு யாராவது அப்படிச் சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன்; அவளிடம் ‘தெரியலை’ என்று சொன்னேன். அவள் இல்லாத வீட்டில் வாரநாளை எப்படிக் கழிப்பதென்று தெரியவில்லை, அதுதானே உன் சிக்கல்? தெரியவில்லை என்று அவளிடமே சொல். அதைச் சொல்லத் தகுந்த ஆள்தான் அவள்.

இருவரும் நன்றாக இருங்கள், மேடு ஏறும் தெம்போடு இருங்கள். இன்னொன்று: உறைமேல் இருவர் பெயரையும் எழுதியிருக்கிறேன், அவள் பெயரை முதலில். மாலையில் உனக்கு முன்னால் வீடு திரும்பித் தபாலை எடுப்பவள் அவள்தான். ஆகவே நீ இந்த வரிக்கு வரும்போது அவள் எல்லாவற்றையும் படித்து முடித்து, எதிரில் நின்றுகொண்டிருப்பாள். ‘சனிக்கிழமை’ என்பாள். சரி என்று சொல்.

ஆசிகளுடன்,
அம்மா