தகரக் கொட்டகைக்குப் போனவளுக்கு

நம் பள்ளிக்கூடத்துத் தகரக் கொட்டகையை இன்று பிரித்துக்கொண்டிருந்தார்கள். எதிரே பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். நனைந்த துருவின் வாடை மூக்கில் ஏறியது. பஸ் வந்தது, போனது. நான் ஏறவில்லை.

எண்பத்தெட்டுக் கலவரத்தில் மூடிய பள்ளி மறுபடி திறந்தபோது, ஒரே பெஞ்சில் இருந்த நம்மைப் பிரித்தார்கள். அப்பன் பெயர் பர்மியப் பெயரென்றால் பெரிய கட்டடம். இந்தியப் பெயரென்றால் முற்றத்துக் கோடியில் அந்தக் கொட்டகை. பர்மாக்கார அம்மாவைக் கட்டியபோதே அப்பா ஒரு பர்மியப் பெயரும் வைத்துக்கொண்டிருந்ததால் நான் தப்பினேன். நீ பையைத் தூக்கிக்கொண்டு, "வெள்ளக்காரன் போயும் பெஞ்சு பிரிக்கிறது போகலடீ" என்று சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கொட்டகைக்கு வாத்தியார் வந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. அங்கே தள்ளிவிட்டால் பத்தாவது தாண்ட முடியாதென்று பயந்து செத்தேன். பர்மாக்காரிகள் பூசுகிற தனாக்காச் சாந்தைக் கன்னம் மறைய அப்பிக்கொண்டு, தமிழ் பேசுவதையே விட்டேன். உன்னிடமும்தான்.

அப்படியிருக்க ஒரு மதியம், நான் மறந்த சோற்றுத் தூக்கோடு அப்பா வந்துவிட்டார். நெற்றி நிறைய விபூதி. முற்றத்தில் நின்று, "செல்லம்மா!" என்று என் வீட்டுப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். வகுப்பே ஜன்னலில் எட்டிப் பார்த்தது. "யாருடைய அப்பா?" என்று டீச்சர் பர்மியத்தில் கேட்டார். நான் நோட்டில் குனிந்துகொண்டேன்.

நீ ஏன்டீ கொட்டகையிலிருந்து முந்திரிக்கொட்டை மாதிரி ஓடி வந்தாய்? என்றும் அவரை மாமா என்கிறவள், "வாப்பா, குடுங்க" என்று கை நீட்டினாய். விபூதி பூசியவரைப் போய் வாப்பா என்கிறாளே என்று அங்கே ஒருத்திக்கும் தோன்றவில்லை. அவர்களுக்கு நாமெல்லாம் ஒரே 'கலா', வேற்று நாட்டுக் கறுப்பர். அப்பா ஜன்னலில் என்னைப் பார்த்தார். "சூடா இருக்கு, பாத்துப் புடிம்மா" என்று உன்னிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

மணியடித்ததும் தூக்கை என்னிடம் தந்தாய். "வீட்டுக்குப் போயி மாமாகிட்டப் பேசு. பாவம்டீ அவரு."

பேசவில்லை. அவரும் கேட்கவில்லை. பள்ளிப் பக்கம் பிறகு வரவுமில்லை. நான் பத்தாவது தேறினேன். நீ பாதியில் நின்று, ஆற்றுக்கு அக்கரையில் தன்லியினில் உன் வாப்பாவின் ஜவுளிக்கடையில் துணி கிழித்தாய்.

போன மாதம் நீ போய்ச்சேர்ந்ததும் உன் மய்யத்து வீட்டுக்கு வந்தேன். கண் மங்கிப்போன உன் உம்மா என் கையைப் பிடித்து, "யாரும்மா நீ? எங்க புள்ளைக்குக் கூட்டாளியா?" என்றார். வாயைத் திறந்தேன். என் பர்மியப் பெயர்தான் வந்தது, பாவி எனக்கு. உம்மா சட்டென்று கையை எடுத்துக்கொண்டு, மரியாதையாக, பர்மியத்தில் என்னை உட்காரச் சொன்னார்.

பர்மாக்காரி என்று என்னை நம்பிய முதல் தமிழ் மனுஷி உன் உம்மாதான். அன்றிலிருந்து எனக்கு உட்கார்ந்தால் இருப்புக்கொள்ளவில்லையடி.