காற்றைத் தின்னும் கல்

போர்ட் சூடான் துறைமுகத்தில் மூட்டை தூக்கும் என் வீட்டுக்காரர் ஓஷேக் அவர்களுக்கு, மலையிலிருந்து மதீனா எழுதிக்கொள்வது. இறைவன் புண்ணியத்தில் நானும் பெண்கள் இரண்டு பேரும் உயிரோடு இருக்கிறோம். சுகம் என்று எழுதக் கை வரவில்லை.

முதலில் நல்ல சேதியைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் அனுப்பிய காப்பிக்கொட்டையும் இஞ்சியும் வந்து சேர்ந்தன. சின்னவளுக்கு இருமல் விட்டது. ஓடையில் கொஞ்சம் தண்ணீர் வந்து போனது. நல்ல சேதி அவ்வளவுதான்.

இனி அந்த வெள்ளைக்காரன் குழி. கார்ட்டூமிலிருந்து வந்த பஷீர் என்ஜினீயர் மலையைத் துளைபோட்டு, கல்லை நீள நீளக் குச்சியாக உருவி நம் வாசலில் அடுக்கி வைத்தாரே, அப்போது அவருக்குக் காப்பி ஊற்றியவள் நான்தான். அவர் சொன்னதை முழுசாகக் கேட்டவளும் நான்தான். ஆண்கள் நீங்களெல்லாம் தங்கம் என்ற சொல் காதில் விழுந்ததோடு எழுந்து போய்விட்டீர்கள். அவர் சொன்னது இது: மேலே துருவேறிய சிவப்புப் பாறையில் இருந்த பொன்னை, யாரென்றே தெரியாத பழங்காலத்து ஆட்கள் கல்லில் அரைத்து எடுத்துக்கொண்டார்கள். பிறகு வந்த வெள்ளைக்காரன் ஆழமாய்த் தோண்டினான். அங்கே செம்பும் துத்தநாகமும் கந்தகமும் பின்னிக் கிடக்கிற மஞ்சள் கல். மிச்சப் பொன் அதற்குள் மாட்டிக்கொண்டிருக்கிறது, எவ்வளவு அரைத்தாலும் விடாது. கட்டுப்படியாகாமல் அவனும் போய்விட்டான். அந்த மஞ்சள் கல் ஈரம் பட்டுத் துருப்பிடிக்கும்போது குழிக்குள் இருக்கிற நல்ல காற்றையெல்லாம் தின்றுவிடுமாம். அதனால்தான் பஷீர் குழி வாயைப் பலகை போட்டு மூடிவிட்டுப் போனார்.

இந்தக் குளிர்காலத்தில் அந்தப் பொன்னைத் தோண்ட ஒரு கம்பெனி வருகிறது என்று பேச்சு அடிபடுகிறது. உடனே உங்கள் தம்பி ஓனூர் குழிக்குள் இறங்கக் கிளம்பிவிட்டான். தூர்ந்த கிணற்றில் முதலில் இறங்கி, அடிமண்ணை அள்ளிவந்து பெரியவர்கள் முன்னால் வைப்பவனுக்கே அந்தக் கிணறு என்பது நம் வழக்கம். அதைக் கொண்டுபோய் இந்தக் குழிக்கும் பொருத்திவிட்டார்கள். அவன் மண் எடுத்து வந்துவிட்டால் கம்பெனிக்காரன் நம்மைக் கேட்டுத்தான் கை வைக்க வேண்டுமாம். பெரியவர்கள் எட்டிப் பார்த்துவிட்டு, உள்ளே ஜில்லென்று இருக்கிறது, நல்ல கிணறு மாதிரிதான் என்று தலையாட்டுகிறார்கள். கிணறு தோண்டியே பழகியவர்களுக்கு வேறு எதுவும் கண்ணில் படாது போலிருக்கிறது.

போன வாரம் நம் கறுப்பு ஆட்டுக்குட்டி பலகை இடுக்கில் விழுந்துவிட்டது. ஆழத்துக்குப் போகவில்லை, பக்கத்திலேயே ஒரு திட்டில் கிடந்தது. ஓனூர் கொக்கிக் கயிறு போட்டு இழுத்தான். நான் தடவித் தடவிப் பார்த்தேன். ஓர் எலும்பும் முறியவில்லை, ஒரு சொட்டு ரத்தம் இல்லை, ஆனால் செத்துக் கிடந்தது. விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்கினேன், அந்தத் திட்டை எட்டுவதற்குள் அணைந்தது. உள்ளே காற்று வீசுகிறது, அதனால் அணைந்தது என்றான் அவன். அப்படியே சிரித்துக்கொண்டு, "அண்ணி, இப்படியே பயந்தீங்கன்னா நாளைக்கு என்னைப் பால் கறக்கக்கூட விட மாட்டீங்க" என்றான். அவன்தான் கறக்க வேண்டும், வேறு யார்? பெண் கறக்கக் கூடாது என்கிறது உங்கள் குலம். அவனுக்கு ஒன்று ஆனால் பால் கட்டி நிற்கும் ஆட்டு மடியைப் பார்த்துக்கொண்டே பிள்ளைகள் பட்டினி கிடக்கும்.

நேற்று அவனுக்குக் காப்பி ஊற்றிக் கொடுத்து, எதற்கு இந்தப் பிடிவாதம் என்று கேட்டேன். அவன் சொன்னான்:

"நீ எறங்கலைன்னா நானே வந்து எறங்குறேன்னு அண்ணன் சொல்லி அனுப்பியிருக்காரு அண்ணி. அவரு நெஞ்சு இருக்கிற இருப்புக்கு, போனா மேல வருவாரா? அதான் நான் முந்திக்கிறேன்."

காப்பியைக் குடிக்காமலே கீழே வைத்துவிட்டான். அவனுக்கும் பயம்தான். இது நிஜமா? நீங்கள் அப்படிச் சொல்லி அனுப்பினீர்களா? எனக்கு அழுகையும் வந்தது, கோபமும் வந்தது. ஒருவருக்காக ஒருவர் சாகப் போகிற அண்ணன் தம்பியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்?

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் இறங்குவதாக முடிவாகிவிட்டது. இந்தக் கடிதம் கொண்டுவரும் லாரிக்காரர் தாஹிர் வியாழக்கிழமை திரும்பி வருகிறார். "மூத்தவன் சொல்கிறேன், அந்தக் குழி எங்களுக்கு வேண்டாம்" என்று பெரியவர்கள் காதில் விழும்படி அவரிடம் சொல்லி அனுப்புங்கள். உங்கள் பேச்சைத் தட்டி அவன் இறங்க மாட்டான். கோழைக் குடும்பம் என்று ஏசுவார்கள். ஏசிவிட்டுப் போகட்டும்.

சொல் மட்டும் வந்தால் போதும். நீங்கள் வர வேண்டாம். எப்போது வருகிறீர்கள் என்று ஒரு வருஷமாய்க் கேட்டுக் கேட்டு எழுதியவள்தான் இதையும் எழுதுகிறேன். வந்தால் எல்லோரும் உங்கள் முகத்தைப் பார்ப்பார்கள். அவர்கள் பார்த்தால் நீங்களே கயிற்றைப் பிடித்து இறங்கிவிடுவீர்கள், எனக்குத் தெரியாதா உங்களை? அல்லாஹ் உங்களை அந்தக் கப்பல் துறையிலேயே பத்திரமாக வைத்திருக்கட்டும். என் வாசலுக்கு இப்போது கொண்டுவர வேண்டாம்.

உங்கள் மதீனா