பதினொன்று நாற்பதில் நின்ற பெரிய முள்

உங்கள் வாட்ச்சில் குட்டி முள் சில நாளாக நொண்டிக்கொண்டிருந்தது. சற்று நிற்கும், பிறகு இரண்டு நொடியை ஒரே தாவலில் தாண்டும். சாமி அலமாரியைத் துடைக்கும்போதுதான் கவனித்தேன். அதை விபூதித் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தது நான்தான். "சாமி கும்பிடுற இடத்துல வாட்ச் எதுக்கும்மா?" என்று நம் மகன் அப்போதே கேட்டான். "உங்கப்பா வேற எதை இவ்வளவு பக்தியா பார்த்தாரு?" என்றேன்.

செங் ஊர்த் தொழிற்சாலையில் ஒரு பெட்டியை மூட எத்தனை நொடி ஆகிறது என்று அளந்தே தலை நரைத்த மனிதர் நீங்கள். வேலையை விட்டு வீட்டில் உட்கார்ந்த பிறகாவது சும்மா இருந்தீர்களா? என் தோசைக்கு ஒரு கணக்கு, ஐயரின் தீபாராதனைக்கு ஒரு கணக்கு. மகன் கார் ஓட்டினால் ஒரு கிலோமீட்டர் கல்லில் பொத்தானை அழுத்தி, அடுத்த கல்லில் நிறுத்துவீர்கள். முள் நிற்கும் இடத்தில், வாட்ச்சின் விளிம்பில் உள்ள எண்தான் வண்டியின் வேகம். "தொண்ணூத்தஞ்சுல போற. கொறைச்சுக்கோ." அவன் தலையில் அடித்துக்கொள்வான். "அப்பா, மீட்டர் என் கண்ணு முன்னாடியே இருக்கு லா!" நீங்கள் அசர மாட்டீர்கள். "மீட்டர் சொல்றது சரியான்னு யாரு பார்க்கிறது?"

என் முட்டி அறுவைக்குப் பிறகு அந்த வாட்ச் என் பக்கம் திரும்பியது. டாக்டர் நடக்கச் சொன்னதுதான் சாக்கு. தினமும் மாலை நம் வீட்டு கேட்டிலிருந்து கோயில் வளைவு வரை போய்த் திரும்ப வேண்டும். நான் கால் எடுத்து வைத்ததும் மேல் பொத்தானை அழுத்துவீர்கள். பெரிய முள் ஓடத் தொடங்கும்; நிமிடத்தை ஓரத்து வட்டம் எண்ணும். நான் திரும்பி வந்து கேட்டைத் தொட்டதும் மறுபடி அழுத்துவீர்கள். நிற்கும். முதல் நாள் பத்தொன்பது நிமிடம் ஆனது. "நான் என்ன பந்தயக் குதிரையா?" என்று கத்தினேன். "குதிரையா இருந்தா இந்நேரம் வந்து கொள்ளு கேட்டிருக்கும்" என்றீர்கள். பக்கத்து வீட்டுச் சீனத்தியம்மாவுக்குத் தமிழ் தெரியாது. அவளும் சிரித்தாள்.

ஒரு நாள் நன்றாக நடந்துவிட்டேன். "இந்தக் கணக்க அப்படியே வச்சிருங்களேன்" என்று கெஞ்சினேன். நீங்கள் யோசிக்காமல் கீழ்ப் பொத்தானை அழுத்தினீர்கள். முள் பன்னிரண்டுக்குப் பறந்தது. "நேத்துக் கணக்க வச்சிக்கிட்டு இருந்தா நாளைக்கு எதுல அளக்கிறது?" எனக்கு வந்த கோபத்தில் அன்றிரவு உங்கள் ரசத்தில் உப்பே போடவில்லை.

கடைசி நாள் பதினொரு நிமிடம் நாற்பது நொடி. "நாளைக்குப் பதினொண்ணுக்குள்ள வந்திரு" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனீர்கள். மறுநாள் காலை நீங்கள் எழுந்திருக்கவில்லை.

வீடு முழுக்க ஆட்கள். கட்டிலோரம் கிடந்த வாட்ச்சை உங்கள் தங்கச்சி எடுத்துப் பார்த்தாள். "ஐயோ அண்ணே, உன் மூச்சோட வாட்ச்சும் நின்னு போச்சே!" என்று ஓங்கி அழுதாள். கூடியிருந்தவர்களும் சேர்ந்து அழுதார்கள். எனக்கு மட்டும் நீங்கள் பாடம் எடுத்தது நினைவுக்கு வந்தது. "பெரிய முள்ளு தூங்குற முள்ளு. எழுப்பினாத்தான் ஓடும். நெசமான நொடி கீழே சின்ன வட்டத்துல ஓடிக்கிட்டே இருக்கும்." சின்ன வட்டத்தைப் பார்த்தேன். ஓடிக்கொண்டுதான் இருந்தது. அந்த அழுகைக்கு நடுவே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டேன். என்னைத்தான் எல்லாரும் அதிகமாகத் தேற்றினார்கள்.

அதன் பிறகு நான் நடக்கவே இல்லை. வாட்ச்சையும் யாரையும் தொட விடவில்லை. கடைசியாக நீங்கள் அளந்தது என்னை அல்லவா.

நேற்று ஜாசின் கடைத்தெருவில் கடிகாரக் கடை பாயிடம் கொண்டு போனேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். "பேட்டரி முடியப் போகுது ஆன்டி. மாத்தினா எல்லா முள்ளையும் பன்னெண்டுக்குக் கொண்டு வரணும். மாத்தாம விட்டா ஒழுகி உள்ள மெஷினே போயிடும்."

"பெரிய முள்ள மட்டும் தொடாம விட முடியாதா, தம்பி?"

அவர் பொட்டில்லாத என் நெற்றியைப் பார்த்தார். "யோசிச்சிட்டு வாங்க. கடை தொறந்துதான் இருக்கும்."

பசார்ச் சந்தையில் ஒரு தே ஓ, பால் விடாத தேநீர், வாங்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மகனுக்குப் போன் போட்டேன். "என்னை மாதிரி ஸ்மார்ட் வாட்ச் வாங்கிக்கோம்மா. நடந்தது, தூங்கினது, இதயம் துடிச்சது எல்லாம் சேவ் ஆயிடும், அழியவே அழியாது" என்றான். நல்ல பிள்ளை. ஆனால் அவன் சேர்த்து வைத்ததை அவன் ஒரு நாளாவது திரும்பிப் பார்த்து நான் கண்டதில்லை. உங்களுடையது ஒரே ஒரு கணக்கைத்தான் வைத்துக்கொள்ளும். அந்த ஒன்றை இழக்க எனக்குப் பயமாக இருந்தது. தே ஓ ஆறிப்போனது. "நாளைக்கு எதுல அளக்கிறது?" என்று நீங்கள் கேட்டதுதான் காதில் விழுந்துகொண்டே இருந்தது. உங்களோடு வாதாடி நான் எப்போது ஜெயித்தேன்?

திரும்பிப் போய்ச் சொன்னேன், "மாத்துங்க தம்பி. ஆனா அந்தப் பொத்தான நான்தான் அழுத்துவேன்." அவர் பேட்டரியைப் போட்டு வாட்ச்சை என் கையில் கொடுத்தார். கீழ்ப் பொத்தானை அழுத்தினேன். பெரிய முள் ஒரு சுற்று சுற்றிப் போய்ப் பன்னிரண்டில் நின்றது. அழுதேன். பாய் வேறு பக்கம் திரும்பி எதையோ துடைத்துக்கொண்டிருந்தார்.

இன்று மாலை உங்கள் வாட்ச்சைக் கட்டிக்கொண்டேன். வார் பெரிது, முழங்கை வரை ஏறி இறங்குகிறது. கேட்டில் நின்று மேல் பொத்தானை அழுத்திவிட்டு நடந்தேன். கோயில் வளைவைத் தொட்டுத் திரும்பி வந்து, கேட்டைப் பிடித்துக்கொண்டு அழுத்தினேன். பதினைந்து நிமிடம் பத்து நொடி. மோசம்தான், ஒன்றும் சொல்லாதீர்கள்.

நீங்கள் கேட்டது பதினொன்றுக்குள். நாளைக்கு இதை அழித்துவிட்டு மறுபடியும் நடக்கிறேன்.